ஒரு வயதுக் குழந்தைக்கு டோஃபு: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து இங்கே குடிவந்த முதல் மாதம், பேரங்காடியில் டோஃபு அடுக்கிய குளிர்பெட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றிருப்பேன். வெள்ளைக் கட்டிகள், மஞ்சள் குழாய்கள், பழுப்பு நிறத்தில் பொரித்த பஞ்சு உருண்டைகள், தண்ணீரில் மிதக்கும் டப்பாக்கள். மகளுக்கு அப்போது 13 மாதம். எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், மறுபடி பருப்புச் சாதம் என்று கொடுத்ததில் அவள் கிண்ணத்தைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். கையில் கிடைத்த ஒரு வெள்ளைக் கட்டியை வாங்கிவந்து, பனீர் மாதிரி சதுரமாக வெட்டி, வெங்காயம் தக்காளி வதக்கிய கிரேவியில் போட்டேன். கிரேவி நன்றாகத்தான் இருந்தது. டோஃபுவில் அது ஏறவே இல்லை. கடித்தால் உள்ளே சப்பென்று தண்ணீர். மகள் ஒரு துண்டை வாயில் வாங்கி, நாக்கால் வெளியே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் வழி காட்டினார். அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள். மூவருமே பல் முளைக்கும் பருவத்தில் டோஃபு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஹொக்கியென் மொழியில் ‘தௌ’ என்றால் பயறு, ‘குவா’ என்றால் காய்ந்தது, இங்கே கெட்டி டோஃபுவுக்குச் சொல்லும் தௌக்குவா என்ற பெயர் அவ்வளவுதான் என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சோயாப் பயற்றை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, காய்ச்சி, திரித்து, நீர் வடித்தால் டோஃபு. பார்க்கத்தான் பனீர். பிறவியில் அது பருப்பு. பருப்புக்கு நாம் என்னவெல்லாம் சேர்ப்போமோ, அதாவது மஞ்சள், சீரகம், பூண்டு, பெருங்காயம், கொஞ்சம் புளிப்பு, கடைசியில் ஒரு சொட்டு நெய், அத்தனையும் இதற்கும் ஒத்துப்போகும். பனீராக நினைத்தால் ஏமாற்றம்தான். பருப்பாக நினைத்துச் சமைத்தால் குழந்தைக்குப் பழகிய ருசியிலேயே இது உள்ளே போகும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

எதை வாங்குவது

குழந்தைக்கு இரண்டே வகை தெரிந்தால் போதும்.

ஒன்று, சில்கன் டோஃபு. பெரும்பாலும் 300 கிராம் டப்பாவில் வரும். நீர் வடிக்காமல் டப்பாவிலேயே உறையவைப்பதால் கட்டித் தயிர் போல வழவழவென்று இருக்கும். கரண்டியால் எடுத்து ஊட்டவும், மசித்துச் சாதத்தில் பிசையவும் இதுதான் சரி. 100 கிராமில் 5, 6 கிராம் புரதம் இருக்கும்.

இரண்டாவது தௌக்குவா. நீரை அழுத்திப் பிழிந்த கெட்டியான சதுரக் கட்டி. கையில் எடுத்துச் சாப்பிடப் பழகும் குழந்தைக்கு இது மிக நல்லது. உடையாது, வழுக்காது, ஆனால் ஈறாலேயே நசுக்க முடியும். புரதம் 100 கிராமுக்கு 12 முதல் 15 கிராம் வரை. பேரங்காடியில் பொட்டலமாகக் கிடைக்கும். காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தையில் தட்டில் அடுக்கி வைத்து உதிரியாக விற்பார்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைப் பக்கம் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அப்படியே அதையும் வாங்கிவிடலாம். காலையிலேயே போங்கள். அன்று காலை வந்த தௌக்குவாவுக்கு வேகவைத்த மொச்சையின் வாசனை லேசாக இருக்கும். புளித்த வாடையோ, தொட்டால் கொழகொழப்போ இருந்தால் வாங்க வேண்டாம்.

மஞ்சள் குழாயில் வருவது முட்டை டோஃபு. பெயரைப் படிக்காமல் ஒருமுறை நான் அதை வாங்கி வந்து, வெட்டிய பிறகுதான் பொட்டலத்தின் பின்பக்கம் பார்த்தேன். சைவ வீட்டுக்கு ஆகாது, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆபத்து. ‘டோஃபு என்றால் சைவம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். பொரித்த உருண்டையான தௌபோக் ரப்பர் போல இழுக்கும், எண்ணெயும் குடித்திருக்கும். கடைவாய்ப் பல் முழுதாக வராத குழந்தைக்கு அது வேண்டாம். ஜாடியில் வரும் ஊறிய டோஃபு ஊறுகாய் மாதிரி உப்பு. அதையும் விட்டுவிடுங்கள். சீனிப்பாகு ஊற்றிய மிருதுவான டோஃபு இனிப்பான தௌஹுவே பார்க்க ஆசையாக இருக்கும். பாகு இல்லாமல் கேட்டு வாங்கினால் ஒன்றிரண்டு கரண்டி கொடுக்கலாம்.

பொட்டலத்தில் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. சோயாப்பால் எதைக் கொண்டு உறையவைக்கப்பட்டது என்பது. கால்சியம் சல்ஃபேட் என்றோ, 516 என்ற எண்ணாகவோ போட்டிருந்தால் அந்த டோஃபுவில் கால்சியம் நன்றாக இருக்கும். மெக்னீசியம் குளோரைடு, அதாவது 511, அல்லது குளுக்கோனோ டெல்டா லாக்டோன், அதாவது 575 மட்டும் போட்டிருந்தால் கால்சியம் குறைவு. சில்கன் வகைகளில் பல கடைசியாகச் சொன்னதைச் சேர்த்தவை. பால் அதிகம் குடிக்காத குழந்தை என்றால் இந்த வரியைப் பார்த்து வாங்குவது மிகவும் முக்கியம்.

முதல்முறை கொடுக்கும் நாள்

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கே டோஃபு கொடுக்கலாம். ஒரு வயதுக்கு மேல்தான் என்று தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் சோயா, ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகளில் ஒன்று. பால், முட்டை, வேர்க்கடலை, மீன் வரிசையில் அதுவும் இருக்கிறது. அதனால் முதல்முறைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும்.

சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாள் காலையில் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டில் வேண்டாம், ஏதாவது என்றால் தூக்கத்தில் தெரியாமல் போய்விடும். அன்று வேறு புது உணவு எதுவும் சேர்க்காதீர்கள். சில்கன் டோஃபுவை ஆவியில் சூடாக்கி, ஆறவைத்து, கால் தேக்கரண்டி. பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட விட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று தேக்கரண்டி. அதன்பிறகு இரண்டு மணி நேரம் கண் பார்வையிலேயே இருக்கட்டும்.

உடம்பில் தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், திடீர் வாந்தி இவை ஒவ்வாமையின் அடையாளம். மூச்சுத் திணறல், குரல் கம்மல், துவண்டு விழுதல் இருந்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சோயாவும் பசும்பாலும் சில குழந்தைகளுக்கு உடனே ஒன்றும் செய்யாமல், ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து, அடுத்தடுத்துக் கடுமையான வாந்தியைக் கொண்டுவரும். குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். தடிப்பு எதுவும் இருக்காது. வயிற்றுப்போக்குக் கிருமி என்று நினைத்து விட்டுவிடாமல், மருத்துவரிடம் போகும்போது என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பசும்பால் ஒவ்வாமை ஏற்கனவே இருக்கும் குழந்தைக்கு டோஃபு தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் குழந்தை என்றாலும் கேளுங்கள். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து போன் வரும்போது, ஆண் பிள்ளைக்கு சோயா கொடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். என் நாத்தனார் தன் மகனுக்காகக் கேட்டார். சோயாவில் இருக்கும், பெண் ஹார்மோனை ஓரளவு ஒத்த ஐசோஃபிளேவோன் என்ற பொருளை வைத்து வந்த பயம் இது. வாரத்தில் சில நாள் சாப்பாட்டோடு சேர்க்கும் டோஃபு ஆண் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எதிர்வீட்டு ஆன்ட்டியின் பேரன்களைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

தண்ணீரை எடுப்பது

பெரியவர்கள் சமைக்கும்போது டோஃபுவை அரை மணி நேரம் பாரம் வைத்துப் பிழிவார்கள். குழந்தைக்கு அவ்வளவு பிழியக் கூடாது. ஈரம் முழுதும் போனால் வெந்தபின் ரப்பராகிவிடும், பல் இல்லாத வாய்க்கு அது கஷ்டம்.

தௌக்குவாவை ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் பருப்பு டப்பாவும் வைத்துப் பத்து நிமிடம். அவ்வளவு போதும். சில்கன் டோஃபுவைப் பிழியவே முடியாது, உடைந்து போகும். டப்பாவின் ஓரத்தில் கத்தியை ஓட்டி, தட்டில் கவிழ்த்து, ஐந்து நிமிடம் சாய்த்து வைத்தால் நீர் தானாக வடியும்.

பச்சைப் பயற்று வாடை பிடிக்காத குழந்தைகள் உண்டு. என் மகளும் அப்படித்தான். கொதிக்கும் நீரில் ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு பல் பூண்டும் தட்டிப் போட்டு, வெட்டிய துண்டுகளை இரண்டு நிமிடம் அதில் விட்டு எடுப்பேன். வாடை போய்விடும், துண்டும் மெதுவாகும். சந்தையில் உதிரியாக வாங்கியதற்கு இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பல கை பட்டு வந்தது, குழந்தைக்கு நன்றாகச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

எப்படி வெட்டுவது

இதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தயங்குவார்கள். குட்டிக் குழந்தைக்குக் குட்டித் துண்டு என்று தோன்றும். ஆனால் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை குழந்தை முழுக் கையால்தான் பிடிக்கும். சின்னத் துண்டு உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், வாய்க்குப் போகாது. அந்த வயதுக்கு நம் இரண்டு விரலைச் சேர்த்து வைத்த அகலமும் நீளமும் உள்ள துண்டு. பிடித்துக்கொண்டு நுனியைச் சப்பி, மசித்துச் சாப்பிடும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கப் பழகியதும், ஒன்பது பத்து மாதத்தில், கொண்டைக்கடலை அளவுக்குச் சின்னதாக வெட்டலாம். ஒரு வயதுக்குப் பிறகு இரண்டும் போகும். கடித்து எடுக்கப் பழக நீளத் துண்டு, தானே பொறுக்கிச் சாப்பிடச் சின்னத் துண்டு. ஒன்றரை வயதுக்கு மேல் பிளாஸ்டிக் முள்கரண்டியில் குத்தி எடுக்கத் தௌக்குவா மிகவும் வசதி. என் மகள் முள்கரண்டி பிடிக்கப் பழகியதே இதில்தான்.

எந்த அளவாக இருந்தாலும் கொடுக்கும் முன் ஒரு துண்டை விரலிடுக்கில் வைத்து அழுத்துங்கள். நம் வீட்டில் சாதம் வெந்ததா என்று பார்ப்போமே, அதே மாதிரி. லேசான அழுத்தத்தில் நசுங்க வேண்டும். நசுங்காமல் எம்பி நின்றால் அது அதிகம் வறுபட்டுவிட்டது. சாற்றில் போட்டு இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே, காரின் பின்னிருக்கையில், படுத்தபடி என்று எதுவும் வேண்டாம். இது டோஃபுவுக்கு மட்டும் உள்ள விதி இல்லை. டோஃபு மெத்தென்று இருப்பதால் நாம் அசட்டையாக இருந்துவிடுவோம், அதனால் சொல்கிறேன்.

சமைப்பது

முதலில் எளிதானது. சில்கன் டோஃபு மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம். மேலே இரண்டு சொட்டு நெய், விரல் நுனியில் எடுத்த சீரகப்பொடி. குழைந்த சாதத்தில் பருப்புக்குப் பதிலாக இதைப் போட்டுப் பிசைந்து, தெளிந்த தக்காளி ரசம் ஒரு கரண்டி ஊற்றுங்கள். குழந்தைக்காக எடுக்கும் ரசத்தை மிளகும் உப்பும் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். என் வீட்டில் முதல் வெற்றி இதுதான். பருப்புச் சாதம்தான் என்று நினைத்து அவள் முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள்.

அடுத்தது தோசைக்கல்லில் சுட்ட விரல் துண்டு. இதை விரிவாகவே சொல்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இது உண்டு.

ஒரு தௌக்குவாவில் பாதி. மேலே சொன்ன மாதிரி நீர் எடுத்து, நீளத் துண்டுகளாக நறுக்கி, துணியால் ஒற்றி எடுங்கள். மேற்பரப்பில் ஈரம் மினுமினுத்தால் கல்லில் ஒட்டிப் பிய்ந்து வரும். ஒரு தட்டில் இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு, கால் தேக்கரண்டி சீரகப்பொடி, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு துளி பெருங்காயம். துண்டுகளை இதில் புரட்டி, மிஞ்சிய மாவைத் தட்டி உதறுங்கள். தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். வைத்ததும் திருப்ப வேண்டாம். முதல் ஒரு நிமிடம் சத்தம் பெரிதாக இருக்கும், நீர் போகிற சத்தம். அது அடங்கி, ஓரம் தங்க நிறத்தில் மாறும்போது, சுமார் மூன்றாவது நிமிடத்தில், துண்டு தானாகவே கல்லை விட்டு வரும். அப்போது திருப்பி இன்னும் இரண்டு நிமிடம். வெளியே மெல்லிய தோல் மாதிரி, உள்ளே இட்லி மாதிரி இருந்தால் பதம் சரி. மொறுமொறுப்பாக்க ஆசைப்படாதீர்கள். அந்த மொறுமொறுப்பு நமக்கு, குழந்தைக்கு இல்லை.

எடுத்ததும் எலுமிச்சைச் சாறு நாலைந்து சொட்டு பிழியுங்கள். இது ருசிக்கு மட்டும் இல்லை. டோஃபுவில் உள்ள இரும்புச்சத்து பருப்பு, கீரையில் இருப்பது போன்றது. உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி போனால் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, தக்காளி, ஆரஞ்சுச் சுளை, நசுக்கிய பழுத்த கொய்யா, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். எலுமிச்சையைச் சுடச்சுடக் கல்லில் இருக்கும்போதே பிழியாமல், இறக்கி ஆறும்போது பிழிவது நல்லது.

மூன்றாவது பொடிமாஸ். நீர் வடித்த தௌக்குவாவைக் கையால் உதிர்த்து, எண்ணெயில் சீரகம், நசுக்கிய பூண்டு, பொடியாக நறுக்கிய தக்காளி வதங்கியதும் சேர்த்து, மஞ்சள் போட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்து ஐந்து நிமிடம். மூடி வைக்காவிட்டால் உதிரி உதிரியாகத் தொண்டையில் சிக்கும். ஈரமாக, கரண்டியில் ஒட்டி வரும்படி இருக்க வேண்டும். சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பவர்கள் இதையும் கலந்து கொடுத்துப் பாருங்கள். துருவிய கேரட், பொடியாக அரிந்த கீரை எதையும் இதிலேயே சேர்க்கலாம். தேங்காய்ப்பூ வேண்டுமானால் அரைத்துச் சேருங்கள்.

சமையலுக்கு நேரமே இல்லாத நாளில், ஒரு கப் தோசை மாவில் மூன்று மேசைக்கரண்டி சில்கன் டோஃபுவை மசித்துக் கலந்து, கனமான சின்ன தோசையாக மூடி போட்டுச் சுடுவேன். ஊத்தப்பம் போல மெத்தென்று வரும்.

உப்பும் சோயா சாஸும்

இங்கே டோஃபுவைப் பார்த்தாலே கை சோயா சாஸ் பாட்டிலுக்குப் போகும். தயவுசெய்து குழந்தையின் தட்டில் அதை ஊற்றாதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்கு மேல் உப்பு போகக் கூடாது. சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே அவ்வளவு உப்பு இருக்கிறது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 1 கிராம்தான் எல்லை, அதுவும் பாலிலும் மற்ற உணவிலும் இயல்பாக இருப்பதையெல்லாம் சேர்த்து. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கும் என்பதைக் கோதுமை ஒத்துக்கொள்ளாத வீட்டார் நினைவில் வையுங்கள்.

நம் ஆட்கள் கடையில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், பொரித்த துண்டுகளைச் சாஸோடு தரும் இந்திய ரோஜாக் வாங்கும்போது அதில் தௌக்குவா துண்டுகள் இருக்கும். நாம் சாப்பிடும்போது குழந்தை கை நீட்டும், கொடுக்கத் தோன்றும். அதில் ஏறியிருக்கும் காரமும் உப்பும் இனிப்பும் குழந்தைக்கு ஆகாது. வெளியே போகும்போது வீட்டில் சுட்ட இரண்டு துண்டைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய்விட்டால், அவளும் நம்மோடு ‘அதையே’ சாப்பிட்ட மகிழ்ச்சியில் இருப்பாள்.

எவ்வளவு, எத்தனை நாள்

ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சுமார் 13 கிராம்தான். 40 கிராம் தௌக்குவாவிலேயே 5 கிராம் வந்துவிடும். அரைக் கோப்பைத் தயிர், ஒரு கரண்டி பருப்பு, கொஞ்சம் பால் சேர்ந்தால் அன்றையக் கணக்கு முடிந்தது. அதனால் ஒரு வேளைக்கு 30 முதல் 50 கிராம் போதும், குழந்தை அதில் பாதியைச் சாப்பிட்டாலும் போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள் கொடுத்து, மற்ற நாட்களில் துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று மாற்றுங்கள்.

கணக்கில் இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்கு டோஃபுவோ பருப்போ இறங்காமல் போவதற்குக் காரணம் வயிற்றில் பால் நிறைந்திருப்பது. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் போனால் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் பால் புட்டியைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

துப்பினால்

துப்பும். முதல் தடவை கட்டாயம் துப்பும். டோஃபு நாக்கில் படும்போது உள்ள வழவழப்பு அதற்குப் புதிது. ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். வற்புறுத்தாமல், பழகிய உணவு தட்டில் இருக்கும்போது ஓரத்தில் ஒரு துண்டு வைத்துவிட்டு, நீங்களும் அதையே எடுத்துச் சாப்பிடுங்கள். எடுத்து நசுக்கினால் நசுக்கட்டும். கையில் பழகினால்தான் வாய்க்குப் போகும்.

வழவழப்புப் பிடிக்காத குழந்தைக்குச் சில்கனை நிறுத்திவிட்டுச் சுட்ட தௌக்குவாவுக்கு மாறுங்கள். கெட்டியானதைத் துப்பினால் சில்கனுக்கு வாருங்கள். என் மகள் ஏழாவதோ எட்டாவதோ முறைதான் விரல் துண்டை முழுதாகச் சாப்பிட்டாள். அன்று நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவின் தட்டிலிருந்து எடுத்தாள், அதுதான் வித்தியாசம். அதிலிருந்து எங்கள் மூவருக்கும் ஒரே கல்லில் ஒரே துண்டுகள். எங்களுக்கு மட்டும் கடைசியில் மிளகுத்தூளும் உப்பும்.

மிச்சத்தை வைப்பது

பிரித்த டோஃபுவைக் கண்ணாடி டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு குடிநீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு நாலைந்து நாள் வைப்பார்கள். குழந்தைக்கு நான் மூன்று நாளோடு நிறுத்திவிடுவேன், சந்தையில் வாங்கியது என்றால் மறுநாளோடு. தண்ணீர் கலங்கினாலோ ஓரம் மஞ்சளித்துப் புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள்.

உறைய வைக்கவும் செய்யலாம். உறைந்தால் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம், இளகியதும் வெள்ளையாகிவிடும். ஆனால் உள்ளே பஞ்சு போல ஓட்டை விழுந்து, கொஞ்சம் சவசவப்பாகிவிடும். சாறு நன்றாக உறிஞ்சும் என்பதால் பெரியவர்களின் குழம்புக்கு அருமை. ஒரு வயதுக் குழந்தைக்கு உதிர்த்துப் பொடிமாஸில் போட மட்டும் பயன்படுத்துங்கள்.

சமைத்ததை இந்த ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குழந்தை வாய் வைத்த கிண்ணத்தில் மிஞ்சியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது என்றால், வீட்டு உணவை அங்கே அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். அனுமதித்தால் சூடு தாங்கும் குடுவையில் போட்டு, ‘சோயா இருக்கிறது’ என்று மூடியில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துப் பிள்ளைக்கு சோயா ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், குழந்தைகள் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிடும் வயது அது. உங்கள் பிள்ளை வீட்டில் குறைந்தது நாலைந்து முறை டோஃபு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு அனுப்பினால் போதும்.